காலிப் பெட்டிக்கு இடமில்லை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். செங்கல்லுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், எந்தப் பொத்தான் எவ்வளவு அகலம், திரையை இழுத்துப் பெரிதாக்கினால் யார் எவ்வளவு நீள வேண்டும் என்று முடிவு செய்கிற நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுவது அவள் வேலை. அந்த நிரலை லேஅவுட் மேனேஜர் என்பார்கள். ரெடிமேடாகவே சில கிடைக்கும்: வரிசையாக அடுக்க ஒன்று, கட்டம் கட்டமாக அடுக்க ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். வாடிக்கையாளர் ஏதாவது ஏடாகூடமாகக் கேட்கும்போதுதான் சொந்தமாக எழுத வேண்டி வரும். அப்போதெல்லாம் அலுவலக மேனேஜர் தன் அறையிலிருந்தே, "மேஸ்திரியைக் கூப்பிடு" என்பார்.

அந்த வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் முதலில் கேட்க வேண்டும்: உனக்கு எவ்வளவு இடம் இருந்தால் சந்தோஷம், குறைந்தது எவ்வளவு இருந்தால் பிழைத்துக்கொள்வாய்? எல்லோருடைய பதிலையும் கூட்டி, இருக்கிற இடத்தைப் பங்கு போட்டு, நீ இங்கே, நீ அங்கே என்று நிறுத்த வேண்டும். மேஸ்திரி இதைப் பத்து வயதிலேயே செய்தவள். ஒற்றை அறை வீடு, ஏழு பேர். படுக்கை விரிக்கும் பொறுப்பு அவளுடையது. அப்பாவுக்குக் கால் நீட்ட வேண்டும். தம்பி உருளுவான், அவனைச் சுவரோரம் தள்ள வேண்டும். சித்தி குறட்டை விடுவாள், அவளுக்குப் பக்கத்தில் காது மந்தமான பெரியப்பா. யாராவது ஊருக்குப் போயிருந்தால் கொண்டாட்டம்தான். அவர் இடத்தை மற்ற ஆறு பேருக்கும் விரற்கடை பிசகாமல் பிரித்துக் கொடுப்பாள். காலியாக ஒரு சாண் தரை கிடந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு குணத்தால் வந்தது.

ஒரு மருத்துவமனைக்குத் திரை வேண்டியிருந்தது. பன்னிரண்டு கட்டில் போட்ட வார்டு. நர்ஸ் மேஜையில் ஒரு தொடுதிரை. கட்டிலுக்கு ஒரு பெட்டி. அதில் கட்டில் எண், நாடித்துடிப்பு, மூச்சின் அளவு, கீழே 'மணியை நிறுத்து' என்று ஒரு பொத்தான். நோயாளிக்கு ஏதாவது ஏறுமாறாகிவிட்டால் பெட்டி சிவந்து மணி அடிக்கும். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால், அந்தக் கட்டிலின் மணி பத்து நிமிடத்துக்கு வாயைத் திறக்காது.

பன்னிரண்டு கட்டிலும் எப்போதும் நிறைந்திருக்குமா என்ன? காலிக் கட்டிலுக்கு எதற்குப் பெட்டி என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய பெட்டி மறையும். பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நிரலில் அது ஒரே ஒரு வரி: கட்டில் காலியென்றால் தாண்டிப் போ.

செய்து காட்டிய அன்று டாக்டர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு நர்ஸ், ஐம்பதை நெருங்கியவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா, எங்க வார்டுல கட்டிலும் இதே மாதிரி தானா நகர்ந்தா எங்க இடுப்பு பிழைக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அன்று அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு வருடம் கழித்து அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வார்டில் ஒரு மரணம், விசாரணை நடக்கிறது, ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேவை. கூடவே பழைய பதிவுகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரி வேறொரு வேலையில் தலைக்கு மேல் மூழ்கிக் கிடந்த வாரம் அது. மூட்டையை அவிழ்க்கவே இல்லை. மூன்றாவது கேள்வி: பெட்டிகள் தாமாக இடம் மாறுமா? அவள் எழுதினாள்: "தாமாக மாறாது. கட்டில் காலியானால் மட்டும் நெருங்கி அமையும். திரை எழுதியபடியே வேலை செய்தது." அத்தனையும் சத்தியம். அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள்.

பிறகு இரண்டு வருடம் அதைப் பற்றி அவள் நினைக்கக்கூட இல்லை.

ஒரு முற்பகலில், அலுவலகத்தில் உட்கார்ந்து தன் அக்காவுக்குப் போனில் ஒரு செய்தி தட்டினாள்: அத்தை சமையல்ல இன்னைக்கும் உப்பு இல்ல, வாய் செத்துப் போச்சு. தட்டி முடித்து, யாருக்கு என்ற பட்டியலில் அக்காவின் பெயர்மேல் விரலை இறக்கினாள். அந்த நொடி பார்த்து மாமியாரிடமிருந்து வேறு ஏதோ செய்தி வந்து, பட்டியல் ஒரு படி கீழே இறங்கி, அக்கா இருந்த இடத்தில் மாமியார் வந்து நின்றுவிட்டார். செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டே நிமிடத்தில் பதில்: "உப்பு வேணும்னா வாய் திறந்து கேட்டா என்ன குறைஞ்சு போகுது?"

பக்கத்து மேஜைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மேஸ்திரியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நான் அக்காவைத்தான் தொட்டேன், சத்தியமா. விரல் இறங்கறதுக்குள்ள நகர்ந்துடுச்சு" என்றாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. மருத்துவமனையின் மூன்றாவது கேள்வி நினைவுக்கு வந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து, இரண்டு வருடமாகக் கட்டிக் கிடந்த மூட்டையை அவிழ்த்தாள்.

விசாரணைக்காரர்கள் பார்த்தது ஒரு பதிவை: யார் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்பது. அதில் இரண்டு வரிகள்தான் அன்று டியூட்டியில் இருந்த நர்ஸின் தலையை உருட்டின. பிற்பகல் மூன்று நாற்பத்தொன்று, ஏழாவது நொடி: எட்டாம் கட்டிலின் மணி நிறுத்தப்பட்டது. பத்தாவது நொடி: ஏழாம் கட்டிலின் மணி நிறுத்தப்பட்டது. எட்டாம் கட்டிலின் மணி அப்போது அடிக்கவே இல்லை. அடிக்காத மணியை வாயடைத்து வைத்த அந்தப் பத்து நிமிடத்துக்குள் எட்டாம் கட்டிலில் இருந்தவருக்கு மூச்சு நின்றுபோயிற்று. மேஜையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மூட்டையில் இன்னொரு பதிவும் இருந்தது. அது மேஸ்திரியின் சொந்தச் சரக்கு. பெட்டிகளை ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் நேரத்தோடு ஒரு வரி எழுதும்படி, சோதித்துப் பார்க்கிற வசதிக்காகப் போட்டிருந்தாள், எடுக்க மறந்துவிட்டாள். அப்படியொன்று இருப்பதே அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதைத் திறந்தாள். மூன்று நாற்பத்தொன்று, ஏழு புள்ளி ஒன்றாவது நொடி: ஆறாம் கட்டில் காலி, பெட்டிகள் நகர்ந்தன. கீழே வரவேற்பறையில் யாரோ அந்த நொடியில் ஆறாம் கட்டில் நோயாளி வீட்டுக்குப் போயாயிற்று என்று பதிந்திருக்கிறார். நர்ஸ் பொத்தானை அழுத்தியது ஏழு புள்ளி நான்கில்.

நடுவில் ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு. இறங்கிக்கொண்டிருக்கும் விரலை எந்த மனிதராலும் அதற்குள் நிறுத்த முடியாது. அவள் ஏழைத்தான் தொட்டாள். விரலுக்கும் திரைக்கும் நடுவே ஏழு விலகி, எட்டு வந்து நின்றது. ஏழின் மணி நிற்கவில்லை; கையுறை போட்டிருந்தால் தொடுதிரை முதல் தடவை கேட்காது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அதனால் சிவந்து நின்ற ஏழை இன்னொரு முறை அழுத்தியிருக்கிறாள். முடிந்தது.

கட்டில் காலியென்றால் தாண்டிப் போ. மேஸ்திரி அந்த வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எட்டாம் கட்டிலின் நாடித்துடிப்பு எண்களைத் திறந்தாள். யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. எழுபத்திரண்டு, எழுபது, எழுபது, அறுபத்தொன்று. கீழே கீழே போய்க் கடைசியில் சுழி வரும் வரைக்கும், வந்த பிறகு வரிசையாகச் சுழிகளாகவே இருந்த பக்கங்களையும் விடாமல் படித்தாள். அவருடைய பெயர்கூடப் பதிவில் இல்லை. வெறும் எட்டு.

அன்று தொடங்கியது. லிஃப்டில் பொத்தானை அழுத்தப் போனால் விரல் அந்தரத்தில் நின்றுவிடும். மூன்று எண்ணிவிட்டுத்தான் தொடுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். வரிசையாக நாற்காலிகள் கிடந்தால் கண் தானாக எண்ணி எட்டாவதில் போய் நிற்கும். அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் நிம்மதி. காலியாக இருந்தால் அது காலியில்லை என்று தோன்றும். வீட்டில் ஒரு நாள் கணவன் சாப்பிட்டு எழுந்ததும் மகள் வழக்கம்போல அவன் நாற்காலிக்குச் சறுக்கி வந்தாள். "நகராதே" என்று மேஸ்திரி போட்ட கத்தலில் குழந்தை கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. மாமியார் உப்புக் கதையெல்லாம் மறந்து, வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எட்டாம் கட்டில்காரர் கோபமாக வரவில்லை, அதுதான் கொடுமை. மேஸ்திரிக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் எந்த அறையிலும் ஓர் ஓரத்தில் அவர் பொறுமையாக நிற்பது தெரிந்தது, உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவள் கேட்பதற்காகக் காத்திருப்பவர் போல.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி முடிஞ்ச கதை, மேஸ்திரி. இப்ப நோண்டினா கம்பெனியே இருக்காது. நாப்பது குடும்பம். புது வெர்ஷன்ல சத்தமில்லாம மாத்திடுங்க."

"அந்த நர்ஸ்?"

"அவங்க வேற வேலை பாத்துட்டு இருப்பாங்க. நீங்க எதையும் எழுதிக் கொடுத்தா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. இதை மிரட்டலா எடுத்துக்காதீங்க."

மாற்றினாள். காலிக் கட்டிலின் பெட்டி வெளுத்துப்போய் அதே இடத்தில் நிற்கும். யாரும் யார் இடத்துக்கும் வர முடியாது. இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடத்தை நினைத்துத்தான் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கணவனிடம் அன்று மாலையே சொன்னாள். அந்த நர்ஸைத் தேடிப் போகப் போவதாகவும் சொன்னாள். "போய்ச் சொன்னா அந்தம்மா உன்னை அடிச்சா என்ன பண்ணுவ?" என்றான்.

"வாங்கிக்கிறேன்."

"சரி, போ" என்றான். "நான் வேணா கீழ நிக்கறேன்."

அவன் உண்மையிலேயே கீழே நின்றான். மருத்துவமனையில் விசாரித்து வாங்கிய விலாசம், இரண்டாவது மாடி, வெயில் ஏறிய முற்பகல். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் மேஸ்திரி அடையாளம் கண்டுகொண்டாள். பின்வரிசையில் நின்று கட்டில் நகர வேண்டும் என்று கேலி செய்தவள்தான். அந்த இடுப்பும் அந்தக் கையும்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"யாருங்க வேணும்?"

"வார்டுக்குத் திரை எழுதின கம்பெனியிலேர்ந்து வர்றேன், சிஸ்டர்."

"சிஸ்டர்னு யாரும் கூப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. உள்ள வாங்க. நாற்காலியை மட்டும் நகர்த்திடாதீங்க."

நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. மேஜைக்கும், குடை நிற்கும் மூலைக்கும்கூட. சுவரில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது: ஃபேன், கூடத்து லைட், வாசல் லைட். நர்ஸ் ஃபேன் போடப் போனாள். காகிதத்தை விரலால் தொட்டு, "ஃபேன்" என்று வாய்விட்டுப் படித்து, இன்னொரு முறை படித்து, அதன் பிறகே அழுத்தினாள். தனக்கு இப்போது ஒரு சலவை நிலையத்தில் துணிகளின் எண்ணைச் சரிபார்க்கிற வேலை என்றாள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சத்தமாகப் படிப்பாளாம். அங்கே அவளுக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர்.

மேஸ்திரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு காற்றில் போயிற்று. நின்றபடியே சொன்னாள்:

"நீங்க அன்னைக்கு ஏழைத்தான் அழுத்தினீங்க."

"திருப்பிச் சொல்லுங்க."

"ஏழைத்தான் அழுத்தினீங்க. உங்க விரல் கீழ வர்றப்போ ஆறு காலியாகி, பெட்டியெல்லாம் நகர்ந்துடுச்சு. ஏழு இருந்த இடத்துல எட்டு வந்துடுச்சு. அப்படி நகரணும்னு எழுதினது நான்."

"விசாரணையில நான் கேட்டேனே. பெட்டி நகர்ந்துச்சோ என்னவோன்னு. தானா நகராதுன்னு கம்பெனிக்காரங்களே எழுதிக் கொடுத்துட்டாங்கன்னாங்க."

"அதை எழுதினதும் நான்தான்."

நர்ஸ் தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அடிக்காத மணியை ஏன் நிறுத்தினேன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. அந்த மனுஷன் ஓயாம தொல்லை பண்ணுவார், அதான் வாயை அடைச்சுட்டேன்னு பேசிக்கிட்டாங்க. இனி நர்ஸ் வேலையே பாக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. மூணு டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டினேன். கண்ணு நல்லா இருக்குன்னு மூணு பேரும் சொன்னாங்க. அப்போ புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். என் பொண்ணு பிரசவத்துக்குக்கூட நான் போகல. பச்சைக் குழந்தையைக் கையில வாங்கினா எங்க வைப்பேன்னு எனக்கே பயம்."

மேஸ்திரி விம்மினாள்.

"அழாத" என்றாள் நர்ஸ். "நீ அழுதா நான் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பில்ல. உட்காரு. இதையெல்லாம் எழுதிக் கொடுப்பியா?"

மேஸ்திரி பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினாள். இரண்டு பதிவுகளின் நகல், விளக்கம், கீழே கையெழுத்து. நர்ஸ் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்தாள். மூன்று நாற்பத்தொன்றில் விரல் நின்றது.

"எட்டுல இருந்தவர் வாட்ச் ரிப்பேர் பண்றவர், தெரியுமா? வார்டு கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி போகுதுன்னு சதா புகார். தினம் மூணு நாப்பதுக்கு அவருக்கு மாத்திரை. நான் அந்தப் பக்கம் போறப்போ, 'சிஸ்டர், உங்க கடிகாரத்துல மணி என்ன'ன்னு கேப்பார். நான் சொன்னதும் தன் கையைப் பாத்து சிரிச்சுக்குவார். அன்னைக்கும் கேட்டார். இருங்க, ஏழு கத்துது, வந்து சொல்றேன்னு போனேன்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"வந்து சொல்லல. அதனால தினம் இங்க வந்து கேக்கறார். மூணு நாப்பது ஆனா கேக்கறார். ரெண்டு வருஷமா நான் பதில் சொல்லிட்டுதான் இருக்கேன். சலவைக்காரங்க எனக்குக் கிறுக்குன்னு நினைக்கறாங்க." நர்ஸ் காகிதங்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே நான் சொல்ல மாட்டேன். அவரை உன்னோட கூட்டிட்டுப் போ."

மன்னிப்பு என்ற வார்த்தையை மேஸ்திரி எடுக்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "சரி சிஸ்டர்" என்றாள்.

வேலை ஒரு வாரத்தில் போயிற்று. மேனேஜர் மிரட்டவில்லை என்று சொன்னது உண்மைதான். வெறுமனே ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுவிசாரணை. மூன்று அதிகாரிகள், நீள மேஜை, பின்வரிசையில் நர்ஸ் தனியாக. மேஸ்திரி தன் பழைய நிரலை ஒரு தொடுதிரையில் ஓடவிட்டு, நடுவில் உட்கார்ந்திருந்த தலைமை அதிகாரியை ஏழாம் பெட்டியின் மணியை நிறுத்தச் சொன்னாள். அவர் விரலை இறக்கியபோது, இன்னொரு கணினியிலிருந்து ஆறாம் கட்டிலைக் காலி செய்தாள். எட்டின் மணி நின்றது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி செய்தார். மறுபடி எட்டு. மூன்றாம் முறை விரலைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"அப்படியானால் இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் தந்த பதில்…" என்று ஆரம்பித்தார்.

"அது தப்பு. நான் பதிவைத் திறந்து பாக்காம எழுதினேன். அந்த அம்மா மேல…"

பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அதிகாரிகளின் தலைக்கு மேல் இருந்த சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள்.

"மூணு நாப்பது" என்றாள், பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வது போலத் தணிந்த குரலில். "சரியாத்தான் ஓடுது."

அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் நர்ஸின் உதடுகள் பழக்கத்தில் பதில் சொல்லத் திறந்தன. திறந்தவள் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். கைகள் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, வெகுநாள் கழித்து டியூட்டி முடிந்தவளைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.